கடைமடையில் ஒரு டீசல் டேங்க்

மாசி மாதத்தில் திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் செல்லும் சாலையில் விடியற்காலையில் போனால், வயல் எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பனி அப்படி இறங்கிக் கிடக்கும். சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் மட்டும் அங்கங்கே ஆரஞ்சும் சிவப்புமாக ஏதோ தெரியும். கிட்டே போனால் அறுவடை இயந்திரங்கள். பக்கத்தில் ஒரு டிராக்டர், தாழ்வான டிரெய்லர், தார்ப்பாய் கட்டிய சிறு கூடாரம், மூன்று கல் வைத்த அடுப்பு. சேலம் மாவட்டம் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் வந்தவர்கள். தை பிறந்ததும் வருகிறார்கள், பங்குனியில் போகிறார்கள். டெல்டா முடிந்ததும் சிலர் ஊருக்குத் திரும்ப, சிலர் நெல்லூர்ப் பக்கம் போய்விடுவார்கள்.

காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம் இது. முள்ளியாறும் அடப்பாறும் பாய்ந்து கடலுக்குப் போகும் வழியில் உள்ள களிமண் பூமி. தண்ணீர் கடைசியாக வருவதால் நடவும் பின்தங்கும், அறுப்பும் பின்தங்கும். பூமி காயாமல் டயர் வண்டி இறங்கினால் சக்கரம் புதைந்து, அதை இழுக்க இன்னொரு டிராக்டர் வர வேண்டும். அதனால் இங்கே எல்லோரும் தேடுவது பெல்ட் வண்டியைத்தான். பெல்ட் வண்டி சேற்றில் நடக்கும், ஆனால் தார்ச்சாலையில் நெடுந்தூரம் நடக்காது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக அதை டிரெய்லரில் ஏற்றி டிராக்டர் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

வேதாரண்யம் சாலையில் தங்கியிருக்கும் ஆத்தூர்க்காரர் ஒருவரின் டிரெய்லர் மற்றவற்றிலிருந்து கொஞ்சம் வேறுபட்டது. அதன் முன்பக்கத்தில், கொக்கிக்கு மேலே, நான்கு அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் ஒன்றே முக்கால் அடி உயரமும் உள்ள இரும்பு டேங்க் ஒன்று போல்ட் போட்டுப் பூட்டப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய 500 லிட்டர் பிடிக்கும். மேலே ஒரு மூடி, ஒரு சிறிய காற்றுக்குழாய். பக்கவாட்டில் டிராக்டர் பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் பம்ப், அதிலிருந்து சுருட்டி வைத்த இருபதடி ஹோஸ். இரண்டு பெல்ட் வண்டிகளுக்கும் டிராக்டருக்கும் இதுதான் இப்போது பங்க்.

இந்த டேங்க் வந்ததற்குப் பின்னால் ஒரு ராத்திரி இருக்கிறது. முந்தைய பருவத்தில் அவரிடம் இருந்தது இரண்டு பிளாஸ்டிக் கேன்களும் ஒரு பைக்கும்தான். கடைசிப் பத்து ஏக்கர் நிற்கும்போது பிற்பகல் மூன்று மணிக்கு வண்டி டீசல் இல்லாமல் நின்றது. பைக்கில் போன பையனுக்குப் பக்கத்துப் பங்கில் பிளாஸ்டிக் கேனில் டீசல் தர மறுத்துவிட்டார்கள். அடுத்த பங்க் தேடி, யாரிடமோ இரும்பு டின் கடன் வாங்கி, அவன் திரும்பியபோது மணி ஆறு. டீசலை ஊற்றியதும் வண்டி ஓடிவிடாது. முற்றிலும் வறண்டுபோன குழாயில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டருக்கு மேலே உள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வழியும்வரை ஏர் எடுக்க வேண்டும். அது முடிந்தபோது பனி விழத் தொடங்கிவிட்டது. நனைந்த கதிர் இயந்திரத்துக்குள் சரியாக உதிராது, வைக்கோலோடு நெல்லும் போய்விடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்தினார்கள். நள்ளிரவில் மழை. பத்து ஏக்கரும் படுத்துத் தண்ணீரில் கிடந்தது. அந்த வயல்காரர் சண்டை போடவில்லை. கணக்கு முடித்துப் பணத்தைக் கொடுத்தார், முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஆத்தூர்க்காரர் இதைச் சொல்லும்போது இப்போதும் அடுப்பையே பார்த்துக்கொண்டு சொல்கிறார்.

டெல்டாவில் அறுவடைக் காலத்து மழை புதிதல்ல. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் பருவம் தவறிப் பெய்த மழையில் சாய்ந்த சம்பாவை இங்கே யாரும் மறக்கவில்லை. ஒரு நாளில் அறுக்க முடிந்த நேரம் உண்மையில் கொஞ்சம்தான். காலையில் பனி உலர ஒன்பதரை, பத்து ஆகும். இரவு எட்டு, எட்டரைக்குப் பனி திரும்ப இறங்கும். நடுவில் உள்ள பத்து மணி நேரத்தில் டீசலுக்காக மூன்று மணி போனால் மூன்றில் ஒரு பங்கு நாள் போயிற்று.

பெல்ட் வண்டி மணிக்கு எவ்வளவு குடிக்கும் என்பது நிலத்தையும் பயிரையும் பொறுத்தது. நின்ற பயிரில் 8 லிட்டர், சேறும் சாய்ந்த பயிருமாக இருந்தால் 12 லிட்டர் என்று ஓட்டுநர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில், நெல் ஜெயராமன் பாரம்பரிய விதைகளைப் பரப்பிய ஊர்களில், மாப்பிள்ளைச் சம்பா போன்ற உயரமான ரகங்கள் இன்றும் நிற்கின்றன. அவை சாய்ந்துவிட்டால் ஒரே பக்கமாக அறுத்து, காலியாகத் திரும்பி, மறுபடி அறுக்க வேண்டும். வேலை பாதி, டீசல் இரட்டிப்பு. சராசரியாக மணிக்கு 10 லிட்டர், நாளுக்கு 9 மணி நேரம், இரண்டு வண்டி என்றால் 180 லிட்டர். ஆகவே நிரம்பிய டேங்க் இரண்டரை நாளுக்குக் காணும். இரண்டரை நாளுக்கு ஒரு தடவை, அதுவும் ஊர் மாறும்போது வழியில் உள்ள பங்கில் நிரப்பினால் போதும், தனியாக யாரும் ஓட வேண்டாம். டேங்க் மிச்சப்படுத்துவது டீசலை அல்ல, நேரத்தை.

இதைப் புரிந்துகொள்ள அவருக்கே ஒரு காரைக்கால் பயணம் தேவைப்பட்டது. காரைக்காலில் டீசல் தமிழ்நாட்டை விட லிட்டருக்கு ஐந்தாறு ரூபாய் குறைவு. 500 லிட்டர் டேங்க் கையில் இருக்கும்போது ஆசை வராமல் இருக்குமா? ஒரு நாள் டிராக்டரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். போக அறுபது, வர அறுபது கிலோமீட்டர். ஆறு மணி நேர ஓட்டத்தில் டிராக்டர் 30 லிட்டர் குடித்தது, அதுவே 2,700 ரூபாய்க்கு மேல். 475 லிட்டரில் மிச்சம் பிடித்தது 2,850. நூறு ரூபாய் லாபத்துக்கு ஒரு வண்டி அரை நாள் டீசலுக்குக் காத்து நின்றது. "டீக்கடையில கூட அதைச் சொல்லல" என்று சிரிக்கிறார்.

500 லிட்டர் டேங்க்கில் ஏன் 475 மட்டும்? டீசல் சூட்டில் விரியும். தரைக்கடியில் உள்ள பங்க் டேங்க்கிலிருந்து குளிர்ச்சியாக வரும் 500 லிட்டர், பிற்பகல் வெயிலில் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடினாலே நான்கைந்து லிட்டர் பெருகும். விளிம்புவரை நிரப்பியிருந்தால் அது மூடி வழியாக வழிந்து, வயலில் சொட்டும். இங்கே நெல் அறுப்பதற்கு ஏழெட்டு நாள் முன்பே உளுந்தும் பயறும் தெளித்துவிடுகிறார்கள், அறுக்கும்போது அடியில் இரண்டு இலை விட்டிருக்கும். டீசல் சொட்டிய இடத்தில் அந்த உளுந்து கருகி, வட்டம் வட்டமாகச் சொட்டையாய் நிற்கும். இருபதடி ஹோஸ் வைத்ததும் அதற்காகத்தான். டிராக்டர் வரப்போரமே நிற்கும், பெல்ட் வண்டி வரப்புக்கு வந்து குடித்துவிட்டுப் போகும். டிராக்டர் டயர் உளுந்தில் ஏற வேண்டியதில்லை. நிரப்பும்போது அடியில் ஒரு பழைய தட்டு வைக்கிறார்கள். எளிய காரியம்தான், பல வண்டிக்காரர்கள் செய்வதில்லை.

டேங்க் முதல் தடவையே இப்படி அமையவில்லை. முதலில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை டிரெய்லரில் கட்டினார். வீட்டு மாடியில் வைக்கிற தொட்டிதான். அது தண்ணீருக்காகச் செய்தது. டீசலில் நாளாக ஆகப் பிளாஸ்டிக் உப்பி, பொருத்துகள் கசியும். ஒரு வாரத்தில் அவருக்கும் கசிந்தது. அடுத்து யாரோ சொன்னார்கள் என்று துத்தநாகப் பூச்சுப் போட்ட தகட்டில் டேங்க் அடிக்கப் பார்த்தார். வேதாரண்யத்து உப்புக் காற்றில் துரு ஏறாமல் இருக்கட்டும் என்று நினைப்பு. நல்ல வேளையாகப் பட்டறைக்காரர் தடுத்தார். துத்தநாகம் டீசலில் கரைந்து, ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். உள்ளே பூச்சில்லாத இரும்புத் தகடு, வெளியே மட்டும் நல்ல பெயின்ட் என்று முடிவானது. உள்ளே குறுக்கே இரண்டு தடுப்புத் தகடுகள், அடியில் ஓட்டை விட்டு. பாதி நிரம்பிய டேங்க் வளைவில் திரும்பும்போது டீசல் மொத்தமும் ஒரு பக்கம் அடித்தால் டிரெய்லரே ஆடும். இங்கே சாலைக்கு இரண்டு பக்கமும் வாய்க்கால். ஆட்டத்துக்கு இடமில்லை.

எடையும் விளையாட்டில்லை. டீசல் லிட்டருக்கு 830 கிராம் அளவு. நிரம்பிய டேங்க் தகட்டோடு சேர்த்து 500 கிலோவுக்கு மேல். அதை இரட்டைச் சக்கர டிரெய்லரின் மூக்கில் வைத்தால் கொக்கி வழியாக டிராக்டரின் பின்புறத்தை அழுத்தும், முன்சக்கரம் லேசாகிவிடும். முதல் நாள் ஒரு மதகுப் பாலத்தின் ஏற்றத்தில் ஸ்டீயரிங் திருப்பியும் டிராக்டர் திரும்பவில்லை, முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. ஓட்டுநர் மெல்லப் பின்னோக்கி இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு பெல்ட் வண்டியை டிரெய்லரில் ஏற்றும்போது ஒரு முழம் பின்னே தள்ளி நிறுத்துகிறார்கள், மூக்கில் கூடிய எடையை அது சமன் செய்கிறது. முன்பக்கம் எடைக்கட்டிகளும் போட்டாயிற்று. டிராக்டர் வைத்திருக்கிற யாரும் கேனோ பேரலோ ஏற்றும்போது இதை யோசிப்பதில்லை. 200 லிட்டர் பேரல் ஒன்றில் டீசல் மட்டும் 166 கிலோ. அதைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்தச் சாலையில் தினமும் கண்ணில் படுகிறார்கள்.

போலீஸ் பிடிக்காதா என்று பலர் கேட்பது உண்டு. 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டப்படி டீசல் ‘பி’ வகுப்பு. ஓரிடத்தில் ஒருவரிடம் உள்ளது மொத்தம் 2,500 லிட்டரைத் தாண்டாமல், எந்தக் கொள்கலனும் 1,000 லிட்டரைத் தாண்டாமல் இருந்தால் வைத்திருக்கவும் கொண்டு செல்லவும் தனி உரிமம் தேவையில்லை. பெட்ரோலுக்கு இந்தத் தாராளம் கிடையாது, அதன் அளவு மிகக் குறைவு. ஆகவே களை வெட்டும் கருவிக்குப் பெட்ரோல் வாங்கி வைக்கிறவர்கள் டீசல் கணக்கை அதற்குப் பொருத்தக் கூடாது. இன்னொன்று, வண்டியின் சொந்த டேங்க்கோடு கூடுதல் டேங்க்கைக் குழாய் வைத்து இணைப்பது வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டி மாறும்படி செய்யும் மாற்றங்களைத் தடுக்கிறது. தொழில்நுட்பமாகவும் அது ஆபத்துதான். என்ஜினுக்குப் போகும் டீசலில் ஒரு பகுதி திரும்பி வரும். எடுப்பது ஒரு டேங்க்கிலும் திரும்புவது இன்னொன்றிலுமாக இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்று நிரம்பி வழியும். வழிகிற இடம் சைலன்சர் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆத்தூர்க்காரரின் டேங்க் எதோடும் இணையவில்லை. பம்ப் வைத்து மாற்றி ஊற்றுவது மட்டும்தான்.

இவ்வளவு பார்த்துச் செய்தும், அந்த மாசியில் ஒரு நாள் டேங்க்கே வம்பு செய்தது.

மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஓர் அம்மாள். கணவர் இல்லை, மகன் திருப்பூரில். பயிர் பொன்மணி என்று இங்கே சொல்லும் சி.ஆர். 1009, ஐந்து மாதத்துக்கு மேல் நின்ற பயிர். வடக்கு மூலையில் அரை ஏக்கர் சாய்ந்திருந்தது. நான்கு நாளாக வண்டிக்கு அலைந்து, அன்று பகல் ஒரு மணிக்குத்தான் வண்டி இறங்கியது. கிழக்கே கடல் பக்கம் மேகம் கட்டிக்கொண்டிருந்தது. மூன்றரை மணிக்கு வண்டி இருமியது. இரண்டு தடவை இருமி, நின்றுவிட்டது.

டேங்க்கில் டீசல் இருந்தது. சற்று முன்புதான் நிரப்பினார்கள். ஓட்டுநர் இறங்கி, தண்ணீர் பிரிக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தார். அடியில் தண்ணீர் தெளிவாகத் தனியே நின்றது. டேங்க் பாதிக்கு மேல் காலியாக இருக்கும் இரவுகளில் உள்ளே உள்ள காற்றின் ஈரம் குளிர்ந்த தகட்டில் வேர்த்து வழியும். தண்ணீர் டீசலை விடக் கனம், அடியில் போய்ச் சேரும். அன்று டேங்க்கில் மிச்சம் 40 லிட்டர்தான். வரப்போரம் டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பம்பின் உறிஞ்சு குழாய் அந்தப் பக்கம், அடித்தகட்டைத் தொட்டுக்கொண்டு. பல இரவுகளின் பனியையெல்லாம் அது இழுத்து வண்டிக்குக் கொடுத்துவிட்டது.

அம்மாள் வரப்பில் நின்று மேகத்தைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தம்பி, நிக்கிற நேரத்துக்கும் காசாப்பா?" என்றார். மணி வாடகைக்கு அறுக்கிற எல்லோர் மனதிலும் இருக்கிற கேள்விதான், வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. "இல்லீங்க அக்கா, மணி நின்னாச்சு" என்று சொல்லி, ஆத்தூர்க்காரர் நின்ற நேரத்தைத் தன் நோட்டில் அவர் பார்க்கவே எழுதினார். மாவட்ட நிர்வாகம் பருவத்துக்குப் பருவம் மணி வாடகையை அறிவித்தாலும், நின்ற நேரம் யாருடையது என்பதை வயலில் வண்டி இறங்குவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்வதுதான் இரு தரப்புக்கும் நல்லது. டீசல் எவ்வளவு கையிருப்பு என்றும் அப்போதே கேட்கலாம். நல்ல வண்டிக்காரர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

வண்டி டேங்க்கின் அடித்திருகைத் திறந்து தண்ணீர் கலந்ததைத் தகரத்தில் பிடித்தார்கள், வாய்க்காலில் விடவில்லை. கிண்ணத்தைக் கழற்றித் துடைத்து, புது ஃபில்டர் போட்டு, அடுத்த வயலில் அறுத்துக்கொண்டிருந்த இரண்டாவது வண்டியிலிருந்து 20 லிட்டர் எடுத்து ஊற்றி, ஏர் எடுத்தார்கள். ஐம்பது நிமிடம். அதற்குள் மேகம் பாதி வானத்துக்கு வந்துவிட்டது. இரண்டாவது வண்டியின் வயல்காரர் தன் ஒரு ஏக்கரை நிறுத்திவைத்துவிட்டு, "மொதல்ல அங்க முடிங்க, எனக்கு நின்ன பயிருதான்" என்று அந்த வண்டியையும் அனுப்பினார். இரண்டு வண்டியும் விளக்கைப் போட்டுக்கொண்டு எதிரெதிராக அறுத்தன. சாய்ந்த மூலை கடைசியாக முடிந்தபோது ஏழே முக்கால். நெல்லைச் சாலையோரம் கொட்டித் தார்ப்பாய் மூடிக் கல் வைத்தார்கள். ஒன்பது மணிக்குத் தூறியது. பெரிய மழை இல்லை, ஆனால் மறுநாள் பகல் பதினொன்று வரை யாரும் வயலில் இறங்க முடியவில்லை. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு வர அம்மாள் அந்த நெல்லை இரண்டு வெயில் காயவைக்க வேண்டியிருந்தது.

அந்த ஓய்வு நேரத்தில் ஆத்தூர்க்காரர் டிராக்டரோடு திருத்துறைப்பூண்டியில் ஒரு பட்டறைக்குப் போனார். டேங்க்கின் தாழ்ந்த மூலையில் ஒரு வடிகுழாய் வெல்டிங் வைத்துத் தரச் சொன்னார். பட்டறைக்காரர் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு முடியாது என்றார். காலி டேங்க்தானே என்றதற்கு, காலி டேங்க்தான் வெடிக்கும் என்றார். டீசல் நிரம்பிய இடத்தில் தீ பிடிக்கக் காற்று இல்லை. காலியான டேங்க்கின் சுவரில் ஒட்டியிருக்கும் டீசல் வெல்டிங் சூட்டில் ஆவியாகிக் காற்றோடு கலக்கும், ஒரு பொறி போதும். பேரலை வெட்டி அண்டா செய்யப் போய் உயிர்விட்டவர்கள் கதை எல்லாப் பட்டறைத் தெருவிலும் உண்டு. டேங்க்கைக் கழற்றி, நன்றாகக் கழுவி, ஆவி போக நாள் கணக்கில் திறந்து வைத்துக் கொண்டுவந்தால் பார்க்கலாம், அதுவும் உள்ளே தண்ணீர் நிரப்பி வைத்துத்தான் என்றார். பருவத்தின் நடுவில் அதற்கு ஏது நாள்?

கடைசியில் வெல்டிங்கே வேண்டாம் என்று ஆனது. உறிஞ்சு குழாயை மட்டும் வெளியே எடுத்து, ரம்பத்தால் ஒன்றரை அங்குலம் வெட்டிக் குட்டையாக்கி மறுபடி பொருத்தினார்கள். இனி அடியில் உள்ள முப்பத்தைந்து லிட்டரை அந்தக் குழாய் தொடாது. தண்ணீரும் துருவும் அதிலேயே கிடக்கும். வாரம் ஒரு முறை கைப்பம்ப் விட்டு அடியிலிருந்து ஒரு தகரம் எடுத்து, தெளிய வைத்து, மேல் டீசலைத் திரும்ப ஊற்றுகிறார்கள். இரவில் டேங்க்கைக் காலியாக விடாமல் மாலையிலேயே நிரப்பிவைக்கும் வழக்கமும் வந்திருக்கிறது. நிரம்பிய டேங்க்கில் வேர்க்க இடம் குறைவு.

பன்னிரண்டு மணிக்கு வெயில் சுள்ளென்று வந்தது. ஆத்தூர்க்காரர் மூடியைத் திறந்து மூங்கில் குச்சியை விட்டு அளவு பார்த்தார். குச்சியில் வெட்டுக்கோடு போட்டு லிட்டர் எழுதியிருக்கிறது. 310. முதல் நாள் ஒரு ஏக்கரை நிறுத்திவைத்தவரின் வயலுக்கு முதல் வண்டியை அனுப்பினார்.